கணக்கு வாத்தியார் நூலகர் ஆன கதை

(நூலகச் செயலாளர், மாணவர் பேரவை. மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆகஸ்ட் 12-ஆம் தேதிக்கு என்ன விசேஷம் என்று நம்ம ஹாஸ்டலில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் முழிப்பார்கள். பத்தாவது ஆள், சுதந்திர தினத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்கு என்பான். போன வருஷம் வரைக்கும் நானும் அந்த ஒன்பது பேரில் ஒருவன்தான். இந்தியா முழுக்க அன்றைக்கு நூலகர் தினம் என்று கொண்டாடுகிறார்கள் என்பது, பேரவையில் நூலகச் செயலாளர் பதவி என் தலையில் விழுந்த பிறகுதான் தெரிய வந்தது.

விழுந்தது என்று சொல்வது சும்மா இல்லை. விளையாட்டுச் செயலாளருக்கு நாலு பேர் போட்டி. நுண்கலைச் செயலாளருக்கு ஆறு பேர். நூலகச் செயலாளருக்கு ஒருத்தரும் மனு போடவில்லை. அன்றைக்கு நான் லீவு. மறுநாள் வந்து பார்த்தால் என் பெயர் போர்டில் இருக்கிறது! எங்கே போய்ச் சொல்ல? வாய்விட்டுச் சண்டை போடவும் எனக்கு வராது. அவசரத்தில் பேசினால் நாக்கு திக்கும். கிளாஸ் செமினாரில் நான் பட்ட பாடு என் செட் பசங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடுப்போடு லைப்ரரிக்குப் போய் உட்கார்ந்தபோதுதான், சுவரில் தொங்கிய ஒரு பழைய படத்தைப் பார்த்தேன். தலைப்பாகை, கண்ணாடி, மூடிய உதடு. கீழே எஸ்.ஆர். ரங்கநாதன் என்று போட்டிருந்தது. யார் சார் இவர் என்று நூலகரிடம் கேட்டேன். அவர் இரண்டு புத்தகங்களை எடுத்துக் கையில் கொடுத்து, படிச்சுட்டு வா என்றார். படித்தேன். அவரும் இந்த வேலையைக் கேட்டு வாங்கியவர் இல்லை, அவருக்கும் வாய் திக்கும் என்று தெரிந்ததும் எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. அவர் கதையை நம்ம மலரில் எழுதினால் என்ன என்று தோன்றியது.

சீர்காழியில் 1892-ஆம் வருஷம் பிறந்தவர் சீர்காழி ராமாமிருத ரங்கநாதன். அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா, இப்போது மயிலாடுதுறை மாவட்டம். வெள்ளைக்காரன் எழுதின மாதிரி ஊரைச் ‘ஷியாலி’ என்றே தன் பெயரில் கடைசிவரை வைத்துக்கொண்டார். ஆகஸ்ட் 9-இல் பிறந்ததாகவும் சொல்கிறார்கள். கொண்டாடுவது 12-ஆம் தேதி. அப்பா கொஞ்சம் நிலம் உள்ளவர், ராமாயணம் சொல்வதில் பிரியமுள்ளவர். ரங்கநாதனுக்கு ஆறு வயது இருக்கும்போதே அப்பா போய்விட்டார். உள்ளூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். சிறு வயது முதலே உடம்பு அவ்வளவு திடமில்லை. கூடவே அந்தத் திக்குவாய்.

பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அவருக்கு வாய்த்தார். ஒரு பையனுக்கு ஒரு நல்ல வாத்தியார் போதும் என்பார்களே, அது இவர் விஷயத்தில் அப்படியே பலித்தது. 1913-இல் பி.ஏ., 1916-இல் கணிதத்தில் எம்.ஏ. வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டதெல்லாம் கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்பதுதான். திக்குகிறவனுக்கு வாத்தியார் வேலையா என்று ஊர் கேட்டிருக்காதா? கேட்டிருக்கும். ஆனால் மனுஷன் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்து எல்.டி.யும் முடித்தார். 1917-இல் மங்களூர் அரசுக் கல்லூரியில் வேலை. பிறகு கோயம்புத்தூர். 1921-இல் சென்னை பிரசிடென்சி கல்லூரி. திக்கலை ஒரேயடியாக ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. பாடம் நடத்தி நடத்தி, வேலைக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி வைத்தார். செமினாருக்கு முதல் நாள் ராத்திரி தூக்கம் வராதவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படித்துக்கொள்ளலாம்.

இனிமேல்தான் கதையே.

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு நூலகர் பதவியை உண்டாக்கியது. அதுவரைக்கும் அப்படி ஒரு பதவியே கிடையாது. கிட்டத்தட்ட 900 விண்ணப்பங்கள் வந்ததாம். அதில் ஒருத்தருக்குக் கூட நூலகப் பயிற்சி இல்லை. எப்படி இருக்கும்? நம் பக்கத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு இடமும் அப்போது கிடையாது. பரோடாவில் 1911-இலும் லாகூரில் 1915-இலும் அமெரிக்கர்கள் வந்து வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். அதோடு சரி. ரங்கநாதனுக்கும் இந்த வேலையில் நாட்டமில்லை. கூட இருந்தவர்கள் தூண்டித்தான் மனு போட்டார். இண்டர்வியூவுக்கு அவர் செய்த தயாரிப்பு என்ன தெரியுமா? பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றி இருந்த கட்டுரையை எடுத்துப் படித்ததுதான்! நாம் வைவாவுக்குப் போகிற அழகில்தான் அவரும் போயிருக்கிறார். வேலை கிடைத்துவிட்டது.

1924 ஜனவரியில் பதவி ஏற்றார். ஒரு வாரம் தாக்குப்பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. பல்கலைக்கழக நூலகம் அப்போது எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் இருந்தது. வகுப்பறை இரைச்சலில் பழகின ஆளுக்கு அந்த அமைதி ஜெயில் மாதிரி இருந்திருக்கிறது. வருகிறவர்கள் குறைவு, செய்ய வேலையும் குறைவு. நேராகப் பெரியவர்களிடம் போய், என்னைப் பழையபடி பாடம் நடத்தவே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுவிட்டார். அவர்கள் ஒரு சமாதானம் சொன்னார்கள். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்தும் பிடிக்கவில்லை என்றால் வாத்தியார் வேலைக்கே போய்க்கொள்ளலாம் என்றார்கள். கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். நஷ்டம் ஒன்றும் இல்லை. கப்பல் ஏறினார்.

லண்டனில் அவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுனிவர்சிட்டி காலேஜ் என்ற பெரிய கல்லூரிக்குள் 1919-இல் நூலகவியலுக்கென்று ஒரு பள்ளி ஆரம்பித்திருந்தார்கள். பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இந்தப் படிப்பு நுழைந்தது அங்கேதான் முதலில். அதற்கு முன்னால் நூலகர் என்றால், ஒரு நூலகத்தில் பையனாகச் சேர்ந்து, பெரியவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிற தொழில். நம்ம பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்து மேஸ்திரி ஆவார்களே, அந்த மாதிரி. தொழில் எப்போது படிப்பாகிறது, படிப்பானால் தொழிலுக்கு என்ன லாபம் என்று நம்மைப் போல டிப்ளமோ படிக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு லேட்டரல் எண்ட்ரியில் வந்த நண்பர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

அந்தப் பள்ளியில் வகைப்படுத்தல் என்ற பாடத்தை நடத்தியவர் பெர்விக் சேயர்ஸ். அவர் வெறும் வாத்தியார் இல்லை. லண்டனை ஒட்டியுள்ள கிராய்டன் நகரத்து நூலகத்தின் தலைமை நூலகர். ரங்கநாதனை அவர் தன் நூலகத்துக்கே கூப்பிட்டு வேலை பார்க்க வைத்தார். தியரி ஒரு பக்கம், பிராக்டிகல் ஒரு பக்கம். அதோடு நிற்காமல் ரங்கநாதன் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை ஏறி இறங்கிப் பார்த்தார். அங்கேதான் அவர் கண் திறந்தது. கூலி வேலை செய்கிறவர், வீட்டு வேலை முடித்து வருகிற பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எல்லோரும் உரிமையோடு உள்ளே வந்து புத்தகம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நூலகம் என்றால் புத்தகத்தைப் பத்திரப்படுத்தும் அறை என்று நினைத்திருந்தவருக்கு, இது ஒரு ஊரையே படிக்க வைக்கிற ஏற்பாடு என்று புரிந்தது. வாத்தியார் வேலையை விட்டுவிட்டோமே என்ற ஏக்கம் அங்கேயே கரைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்வதும் ஊருக்கே பாடம் சொல்வதும் ஒன்றா?

ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நூலகமும் புத்தகங்களை ஒவ்வொரு மாதிரி அடுக்கி வைத்திருந்தது. அதிகம் புழங்கியது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசம முறை. எல்லா அறிவையும் பத்தாகப் பிரித்து, அதைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு எண் கொடுத்து முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்துவிடுவது. நம்ம லைப்ரரியில் பொறியியல் புத்தகங்களின் முதுகில் 620 என்று ஆரம்பிக்கிற எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அது டூயியின் எண்தான். நல்ல முறைதான். ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு விஷயத்தில் புத்தகம் வந்தால்? ஒரே புத்தகத்தில் நாலு விஷயம் கலந்து வந்தால்? ஏதோ ஒரு எண்ணில் கொண்டுபோய்த் திணிக்க வேண்டியதுதான். கணக்குப் படித்த மூளைக்கு அந்தத் திணிப்பு பிடிக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பொம்மைக்கடைச் சம்பவம். லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரம், அச்சு, போல்ட், நட்டு, கயிறு. அதே சாமான்களை வைத்து ஒரு தரம் கிரேன் செய்கிறார்கள், கழற்றிவிட்டு இன்னொரு தரம் வண்டி செய்கிறார்கள். சுற்றி நின்ற குழந்தைகள் பொம்மையைப் பார்த்தார்கள். நம்ம ஆள் அதில் விடையைப் பார்த்துவிட்டார்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு வீட்டுக்குப் பைப் லைன் போட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்ற மாதிரி முழு லைனையும் கம்பெனியிலேயே செய்து விற்றால் எத்தனை ஆயிரம் மாடல் வேண்டும்? யாரும் அப்படிச் செய்வதில்லை. எல்போ, டீ, நிப்பிள், யூனியன் என்று கொஞ்சம் ஃபிட்டிங்ஸ். வீட்டைப் பார்த்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதுவரை யாரும் கட்டாத வீடாக இருந்தாலும் லைன் போட்டுவிடலாம். டூயி முறை செய்து வைத்த லைன். ரங்கநாதன் முறை ஃபிட்டிங்ஸ் பெட்டி.

இப்போது ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் நெற்பயிருக்கு வரும் நோயைத் தடுப்பது பற்றி 1950-களில் வந்த புத்தகம் என்று வையுங்கள். இதில் விவசாயம் இருக்கிறது, நெல் இருக்கிறது, நோய் இருக்கிறது, தடுப்பு என்ற வேலை இருக்கிறது, இந்தியா என்ற இடம் இருக்கிறது, ஒரு காலமும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன குறி. குறிகளை வரிசையாகக் கோத்தால் அந்தப் புத்தகத்துக்கே உரிய எண் கிடைத்துவிடும். கோப்பதற்கு அவர் முதலில் பிடித்துக்கொண்ட நட்டு போல்ட் எது? எழுத்தில் நாம் போடுகிற முக்காற்புள்ளி, அதாவது கோலன். அதனால் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது. எந்த விஷயத்தையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து பக்கங்களிலிருந்து பார்த்துப் பிரிக்கலாம் என்று பிற்பாடு அதை இன்னும் கூர்மையாக்கினார். அவர் முறையில் கணிதத்துக்கு ஆங்கில எழுத்து ‘பி’, இயற்பியலுக்கு ‘சி’, நம்ம பொறியியலுக்கு ‘டி’, மருத்துவத்துக்கு ‘எல்’. இந்தியாவுக்கு 44.

இன்றைக்கு ஆன்லைனில் செருப்பு வாங்கப் போனால் பக்கத்தில் விலை, நிறம், சைஸ், கம்பெனி என்று தனித்தனியாக டிக் செய்து வடிகட்டுகிறோம் இல்லையா? ஒரு பொருளைப் பல பக்கங்களாகப் பிரித்து, வேண்டியதைக் கோத்துத் தேடுவது. அடிப்படைச் சங்கதி இதுதான். கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் கவனிக்க: மெக்கானோ பெட்டியிலிருந்து இது புறப்பட்டபோது கம்ப்யூட்டர் என்ற யந்திரமே கிடையாது.

1925-இல் திரும்பி வந்தார். கப்பலிலேயே தன் முறைக்கு அடித்தளம் போட்டுக்கொண்டு வந்தார். வாத்தியார் வேலைக்குத் திரும்புகிற பேச்சே எடுக்கவில்லை. சென்னை நூலகத்தில் புத்தக அலமாரிகளைத் திறந்துவிட்டார். அதுவரைக்கும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டும். இனி வாசகர் நேராக உள்ளே போய், கையால் எடுத்து, புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி எந்தக் காலத்திலும் நூலகரின் கழுத்தில் கத்திதான். அந்தக் கத்தியைத் தெரிந்தே கழுத்தில் வாங்கிக்கொண்டார். இருபது வருஷம், தினம் பதின்மூன்று மணி நேரம், வாரம் ஏழு நாளும், லீவு எடுக்காமல் உழைத்தார் என்று அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்காரர்களின் நிலைமையையும் நினைக்கத் தோன்றுகிறது. 1928-இல் முதல் மனைவி ருக்மிணி ஒரு விபத்தில் இறந்துபோனார். பிறகு சாரதா என்பவரை மணந்துகொண்டார். அந்தப் பெயர் கடைசியில் மறுபடியும் வரும்.

அதே 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அவர்தான் அதன் உயிர்நாடி. அந்த வருஷம்தான் நூலகம் என்பதற்கே சில அடிப்படை விதிகள் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்து ஆட்டியது. இயற்பியலில் நியூட்டனுக்கு விதி இருக்கிறது. இத்தனை நூலகம், இத்தனை வழக்கம், இதற்கெல்லாம் அடியில் ஒரு நாலைந்து விதி இருக்காதா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்திருந்த நேரத்தில் பழைய வாத்தியார் ராஸ் வந்து, முதல் விதி இதுதானே என்று போகிறபோக்கில் எடுத்துக் கொடுத்தாராம். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு. இதுதான் முதல் விதி. பிறகு மற்ற நாலும் மளமளவென்று வந்துவிட்டன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். இதைப் பற்றி 1928 டிசம்பரில் சிதம்பரத்தில் பேசினார். 1931-இல் புத்தகமாக வந்தது.

இதிலே என்ன பெரிய கண்டுபிடிப்பு, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் நம்ம லைப்ரரியையே அந்த விதிகளை வைத்து ஒரு நாள் சுற்றிப் பார்த்தேன். புதிதாக வந்த ஹாண்ட்புக்குகள் கண்ணாடி பீரோவுக்குள், பூட்டோடு. சாவி இருப்பவர் அன்றைக்கு வேறு டியூட்டி. முதல் விதி அவுட். செமஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் ஒரே டிசைன் டேட்டா புத்தகத்துக்கு நாற்பது பேர் நிற்கிறோம். இரண்டாவது விதி அவுட். கடைசி ரேக்கில் யாரும் தொடாத ஒரு வரிசை, தூசி தட்டினால் அதில் அருமையான பழைய மெஷின் டிராயிங் புத்தகங்கள். மூன்றாவது விதி. இப்படியே போனது. தெரிந்ததுதானே என்று சொல்வது சுலபம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை இரும்புச் சங்கிலி போட்டு மேசையோடு கட்டி வைத்திருந்தார்களாம். நமக்குச் சங்கிலி போய் பீரோ வந்திருக்கிறது. (நிர்வாகத்தைக் குறை சொல்லவில்லை. பீரோ விஷயம் இப்போது பேச்சுவார்த்தையில் இருக்கிறது.)

1929-இல் சங்கத்தின் சார்பில் ஒரு நூலகப் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான் தொடக்கம். லண்டனில் தான் பார்த்ததை நம் மண்ணில் நட்டது என்று சொல்லலாம். 1931-இல் சென்னைப் பல்கலைக்கழகமே அதை ஏற்றுக்கொண்டது. 1937-இல் முழு ஒரு வருஷப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. ஆமாம் நண்பர்களே, அதுவும் டிப்ளமோதான்! வாத்தியார் ஆசையை விட்டுக் கொடுத்தவருக்கு வாத்தியார் வேலை வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. கணக்குக்குப் பதில் நூலகம், அவ்வளவுதான் வித்தியாசம். பாடப்புத்தகம் கிடையாது, ஆகவே அவரே எழுதினார். 1933-இல் கோலன் பகுப்பு, 1934-இல் நூற்பட்டியல் விதிகள், 1937-இல் வகைப்படுத்தலின் அடிப்படைக் கொள்கைகள். எல்லாம் சென்னையில் உட்கார்ந்து எழுதி, உலகம் பூராவும் போனவை. 1936-இல் சேப்பாக்கம் கடற்கரையைப் பார்த்தபடி பல்கலைக்கழக நூலகத்துக்கென்றே சொந்தக் கட்டடம் வந்தது.

அவர் நகரத்தோடு நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஒன்று கிராமம் கிராமமாகப் போக ஆரம்பித்தது. அந்தக் காலத்து நூலக இயக்கத்தின் சூட்டில் பிறந்தது அது. வண்டி நிறையப் புத்தகம், முன்னால் இரண்டு மாடு. டெல்டாக் கிராமங்களின் வண்டிப் பாதையில் அது குலுங்கிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் கதை சப்பென்று இருக்கும். அப்படிப் போகவில்லை. 1940-களின் நடுவில் பல்கலைக்கழக மேலிடத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. இருபது வருஷம் தன் கையால் வளர்த்த நூலகத்தை விட்டு வெளியே வந்தார். மனம் ரொம்பவே உடைந்துபோனார். ஐம்பது வயது தாண்டின மனிதர். இனி வீட்டோடு இருந்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தச் சமயத்தில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அழைப்பு வந்தது. 1945-இல் காசிக்குப் போனார். போய் என்ன செய்தார்? ஒரு லட்சம் புத்தகங்களை ஏறத்தாழ ஒற்றை ஆளாக வகைப்படுத்தி எண் போட்டார். துக்கத்தை வேலையில் கரைப்பது என்பது இதுதான் போலிருக்கிறது. ஒரு லட்சம்! நமக்கு ரெக்கார்டு நோட்டில் இருபது எக்சர்சைஸ் எழுதவே கை வலிக்கிறது.

1947-இல் டெல்லிப் பல்கலைக்கழகம். பட்டம், மேற்பட்டம், முனைவர் பட்டம் வரைக்கும் நூலகவியல் அங்கே ஒரு முழுப் படிப்பாக எழுந்து நின்றது. 1948-இல் அந்தப் பல்கலைக்கழகமே அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

ஆனால் 1948-ஐ நாம் நினைவில் வைக்க வேண்டியது வேறு காரணத்துக்காக. அந்த வருஷம் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதைக் கொண்டுவந்தார். வரைவின் பின்னால் இருந்தவர் ரங்கநாதன். 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டிலேயே ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி வைத்தவர் அவர். பதினெட்டு வருஷம் காத்திருந்திருக்கிறார். சட்டத்தின் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்றால், பணத்தில். நூலகத்தை யாராவது புண்ணியவான் நடத்தட்டும் என்று விட்டால் அந்தப் புண்ணியவான் காலத்தோடு நூலகமும் போய்விடும். அதனால் சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு சிறு தொகை வசூலிக்க வழி செய்தார்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை அப்பாவிடம் வாங்கிப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ஊருக்கு ஊர் கிளை நூலகம், மூங்கில் பெஞ்சு, தினசரிப் பேப்பர், ரப்பர் ஸ்டாம்ப் குத்திய நாவல் எல்லாம் அந்த ரசீதிலிருந்து வந்ததுதான். பத்தாம் வகுப்பு லீவில் நான் படித்த அத்தனை துப்பறியும் கதைகளுக்கும் என் அப்பா முன்கூட்டியே காசு கட்டியிருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை.

டெல்லிக்குப் பிறகு 1955 முதல் 1957 வரை சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் இருந்தார். உலக அளவில் வகைப்படுத்தல் ஆராய்ச்சி செய்கிற ஐரோப்பியர்களெல்லாம் இவரைத் தேடி வந்தார்கள். 1957-இல் பத்மஸ்ரீ. இதற்கு நடுவே அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார், நூலகவியலில் ஒரு பேராசிரியர் பதவி வைப்பதற்காக. 1956-இல் ஒரு லட்சம்! எந்த இடத்திலிருந்து மனம் உடைந்து வெளியே போனாரோ, அதே இடத்துக்கு. பதவிக்குத் தன் பெயரை வைக்கவில்லை. சாரதா ரங்கநாதன் என்று மனைவியின் பெயரை வைத்தார். பதின்மூன்று மணி நேரக் கணக்கை இந்த இடத்தில்தான் அவர் வீட்டுக்குத் தீர்த்தார் என்று எனக்குப் படுகிறது. நான் தப்பாகவும் நினைக்கலாம்.

கடைசிக் காலம் பெங்களூரில். புள்ளியியல் மேதை மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் 1962-இல் ஆவணமாக்கல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் என்று ஒன்றை அங்கே தொடங்கினார். அப்போது அவருக்கு எழுபது வயது. நாம் இன்று தகவல் அறிவியல் என்று சொல்கிற படிப்புக்கு நம் நாட்டில் அது ஒரு நாற்றங்கால். 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆக்கினார்கள். இத்தனைக்கும் நடுவில் கணக்கை மறந்துவிடவில்லை. ராமானுஜனைப் பற்றி 1967-இல் ஒரு புத்தகம் எழுதினார். பழைய காதல் இல்லையா!

1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். எண்பது வயது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய கோலன் முறை உலகத்தில் டூயி முறையை விரட்டிவிடவில்லை. கோப்பது எப்படி என்ற அவர் யோசனையை உலகமே எடுத்துக்கொண்டது. ஆனால் அலமாரியில் எண் ஒட்டுகிற வேலைக்கு இந்தியாவிலேயே பல நூலகங்கள் டூயியோடு நின்றுவிட்டன. எண் நீளம், முதுகில் ஒட்ட இடம் போதவில்லை, புதிதாக வருகிறவர்களுக்குப் பழக நாளாகிறது என்று காரணம் சொல்கிறார்கள். காரணம் நியாயம்தான். நம்ம லைப்ரரியிலும் அவர் படம் சுவரில் இருக்கிறது, அதற்கு நேர் கீழே உள்ள ரேக்கில் 620 தான் இருக்கிறது.

போன மாதம் நூலகர் சாரிடம் அனுமதி வாங்கி, நானும் இரண்டாம் ஆண்டு சிவில் பசங்க மூன்று பேரும் சேர்ந்து அந்தக் கடைசி ரேக்கு மெஷின் டிராயிங் புத்தகங்களைத் தூசி தட்டி, வாசலுக்கு நேராக இருக்கிற ரேக்குக்கு மாற்றினோம். 64 புத்தகம். இந்த மலர் அச்சுக்குப் போகும் வரை அதில் 11 வெளியே போயிருக்கின்றன.